நெடுந்தீவுக்கு எடுத்துச் செல்லும் பரிசு

நெடுந்தீவிலே கடமை புரிந்து இளைப்பாறும் உறவினர் ஒருவரின் பிரியாவிடை வைபவத்துக்கு அழைப்பு வந்துவிட்டால், யாழ்ப்பாணப் பட்டினத்துக் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் ஒருங்கே எழும். எதைக் கொண்டு செல்வது என்பது ஒன்று. எவ்வாறு கொண்டு செல்வது என்பது மற்றொன்று. ஏனைய ஊர்களில் இந்த இரண்டாவது கேள்விக்கு இடமில்லை. கடையில் வாங்கி, வண்ணத்தாளிற் சுற்றி, வண்டியில் வைத்தால் வேலை முடிந்தது. நெடுந்தீவுக்கோ, பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையையும் புங்குடுதீவையும் ஊடறுத்துக் குறிகட்டுவான் துறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் செல்ல வேண்டும். சீமெந்து மூட்டையும் மரக்கறிக் கூடையும் ஏறுகின்ற அதே வள்ளத்திலேதான் எமது பரிசும் ஏற வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் உப்புநீர் ஆளென்றும் பொருளென்றும் பாராது நனைத்துவிடும். கடல் மிகக் கொந்தளித்தால் வள்ளமே புறப்படாது.

இந்த இடர்ப்பாட்டை நான் ஒரு நன்மையாகவே கருதுகிறேன். மடியில் வைத்துக் கடல் கடக்க வேண்டிய பொருளை எவரும் யோசியாது வாங்கமாட்டார். இளைப்பாறும் ஒருவருக்குக் கொடுக்கும் பரிசில் யோசனைதான் முக்காற் பங்கு.

இளைப்பாறுதல் என்பது எமது நாட்டு வழக்கு. தமிழகத்தார் ஓய்வு பெறுதல் என்பர். எமது சொல்லிலே ஒரு வழிப்போக்கன் நிற்கிறான். நெடுந்தூரம் நடந்தவன் இளைத்துப் போகிறான். இளைப்பு ஆற ஓரிடத்தில் அமர்கிறான். அவனை எண்ணியே எம் முன்னோர் தெருவோரங்களில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கையுதவி இன்றித் தாமே சுமையை இறக்கி வைத்து, பின்பு தாமே எடுத்துக்கொள்ளத் தக்க உயரத்தில் அக்கல் அமைந்திருக்கும். அருகே ஒரு கிணறோ கேணியோ இருக்கும். மாடுகள் உரஞ்சுவதற்கு ஓர் ஆவுரஞ்சிக்கல்லும், வசதி இருந்தால் ஒரு மடமும் இருக்கும். பரிசு வாங்கப் புறப்படுகிறவர் கடைத்தெருவுக்குப் போகுமுன் ஒரு கணம் இந்தக் கல்லை நினைத்துக்கொண்டால் நல்லது. இத்தனை ஆண்டுகளாக அவர் சுமந்தது என்ன? அதை இறக்கிய மறுநாட் காலையில் அவருடைய கை எதைத் தேடும்?

நெடுந்தீவைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு இரு வேறு விடைகள் உள்ளன. ஏனெனில் அங்கே இளைப்பாறுபவர் இரு வகையினர். பெருநிலத்திலிருந்து நியமனம் பெற்றுச் சென்று, கடலும் காற்றும் பழகி, அத்தீவில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்த ஆசிரியர், தாதியர், எழுதுவினைஞர் முதலானோர் ஒரு வகை. தீவிலே பிறந்து, பட்டினத்திலும் கொழும்பிலும் உத்தியோகம் பார்த்து, ஈற்றில் ஊரோடு வந்து சேர்பவர் மற்றொரு வகை. முன்னவருக்கு இளைப்பாறுதல் என்பது தீவைப் பிரிதல். பின்னவருக்கு அது தீவுக்குத் திரும்புதல். இருவருக்கும் ஒரே பரிசு பொருந்துமோ?

பிரிபவருக்குத் தீவின் நினைவு வேண்டும். திரும்புபவருக்குத் தீவில் கிடைக்காதது வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து, நெடுந்தீவிலே குடியேறப் போகும் அம்மானுக்குப் பனங்கட்டிக் குட்டான்களையும் புழுக்கொடியலையும் அழகிய பெட்டியில் அடுக்கிக் கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். பனை மலிந்த தீவுக்குப் பனம் பண்டம்! அம்மான் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்திருப்பார். அவர் உத்தியோகத்தில் பெற்ற பயிற்சி அது.

வைபவத்தின் மேடையிலே என்னென்ன வழங்கப்படும் என்பதை நாம் முன்கூட்டியே அறிவோம். மாலை உண்டு, பொன்னாடை உண்டு, கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பா உண்டு, பெயர் பொறித்த நினைவுச் சின்னமும் உண்டு. சில இடங்களில் சேவைநலன் பாராட்டு மலர் ஒன்றும் வெளியிடுவர். இவையாவும் பாடசாலையோ கந்தோரோ ஊர்ச் சங்கமோ செய்கின்ற மரியாதைகள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் பொன்னாடையின் மேல் ஒன்றும், அதன்மேல் இன்னொன்றுமாக ஏழெட்டுப் போர்த்தப்பட்ட ஒருவர் சித்திரை வெயிலில் வியர்த்து நிற்கும் காட்சியைக் கண்டவர்கள், உறவினரும் அந்த அடுக்கில் இன்னொன்றைச் சேர்க்கத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்வர். தமிழகத்திலே 2017இல், தி.மு.க.வின் செயல் தலைவராக இருந்த மு. க. ஸ்டாலின், தமக்குப் பொன்னாடை வேண்டாம், புத்தகம் தாருங்கள் என்று தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். வந்து குவிந்த புத்தகங்கள் நூலகங்களுக்குப் போயின. பொன்னாடை அப்படி எங்கும் போவதில்லை. பெட்டகத்திலே கிடந்து மடிப்பிலே கிழியும்.

ஆகவே உறவினர் கொடுக்க வேண்டியது மேடையில் எவராலும் கொடுக்க இயலாத ஒன்றாக இருத்தல் வேண்டும். உறவினருக்கு மாத்திரம் தெரிந்த செய்திகள் சில உண்டு அல்லவா? அவருக்கு முழங்கால் நோகிறது என்பது. அதிகாலையில் எழுந்து தேநீர் ஆற்றிக் குடிப்பவர் என்பது. தகப்பனார் இறந்தபின் வீட்டுக் கிணற்றடியைக் கவனிக்க ஆளில்லை என்பது. வாலிபத்தில் வயலின் பழகி இடையில் விட்டவர் என்பது. இவற்றை அதிபரோ பிரதேச செயலாளரோ அறியார்.

மற்றொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. கலியாண வீட்டிலும் சாமத்தியச் சடங்கிலும் நாம் கொடுப்பது கொப்பியிலே எழுதப்படுகிறது. எம் வீட்டில் அதுபோன்ற காரியம் நடக்கையில் அது திரும்பி வரும். வராவிட்டால் மனத்தாங்கலும் வரும். இளைப்பாறும் வைபவத்துக்குக் கொப்பி இல்லை. அவர் எமக்குத் திருப்பித் தரவேண்டிய தேவையும் இல்லை. பெரும்பாலும் அவரே முன்பு கொடுத்தவராக இருப்பார். எமது பரீட்சைக்குக் கட்டிய பணம், வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தின் பிழைதிருத்தம், கொழும்பில் இறங்கிய முதல் மாதத்தில் படுக்கத் தந்த இடம் எல்லாம் அவருடைய கொடைகளே. எழுதப்படாத அந்தக் கொப்பியின் மறு பக்கத்தை நிரப்புவதற்குக் கிடைக்கும் நாள் இது. விலையைப் பற்றிய அச்சம் இங்கே வேண்டியதில்லை. இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் வாசிக்கப் போவதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உறவினர் என்ற உரிமையோடு, அவருடைய கந்தோரிலே தீர்வுக்காகக் கிடக்கும் காணி அலுவல் ஒன்றும் உங்களுக்கு இருக்குமாயின், அவர் கதிரையை விட்டு எழும்வரை பரிசை வீட்டிலேயே வைத்திருங்கள். 1954இல் வந்த இலஞ்சச் சட்டத்தின் இடத்தில் 2023 முதல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. கடைசி நாளில் அவருக்கு ஒரு சங்கடத்தைப் பரிசளிப்பானேன்?

இனி, அவர் எவ்வாறு இளைப்பாறுகிறார் என்பதையும் விசாரித்தறிய வேண்டும். தாமே விரும்பி 55 வயதில் விலகியவரின் மனநிலை வேறு; 60 நிறைந்து சட்டம் சொல்ல எழுந்தவரின் மனநிலை வேறு. அண்மைக் காலத்திலே மூன்றாவது வகையொன்றையும் கண்டோம். 2022 தொடக்கத்தில் அரசாங்க ஊழியர் இளைப்பாறும் வயது 65ஆக உயர்த்தப்பட்டது. இன்னும் சில ஆண்டுகள் உண்டு என்ற எண்ணத்தோடு பலர் வீடு கட்டத் தொடங்கினர். பிள்ளைகளின் படிப்பைத் திட்டமிட்டனர். அதே ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் தேதி சமர்ப்பிக்கப்பட்ட இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதை மீண்டும் 60ஆகக் குறைத்தது. அறுபதைக் கடந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 2022 டிசம்பர் 31ஆம் தேதி ஒருமிக்க வெளியேறினர். அந்த மார்கழி மாதத்திலே பல கந்தோர்களில் ஒரே மேடையில் பலருக்குப் பிரியாவிடை நடந்தது. இவ்வாறு எதிர்பாராது இறங்கியவருக்கு "இனிமேல் ஓய்வாக இருங்கள்" என்று எழுதிய அட்டையும் ஆடம்பரப் பொருளும் கொடுப்பது புண்ணில் விரல் வைப்பது போலாகும். அவருக்கு அந்நேரம் வேண்டியது வேறு.

என்ன வேண்டும்? கூச்சப்படாது சொல்வோம். பணம் வேண்டும். இளைப்பாற்றுச் சம்பளக் கோவை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குச் சென்று, குறையொன்றும் இல்லாது முடிந்து, முதற் பணம் கைக்கு வரச் சில வேளை மாதங்கள் செல்லும். அதுவரை மாதச் சம்பளமும் இல்லை. இந்த இடைவெளியை வெளியார் அறியார், அறிந்தாலும் கேளார். மைத்துனரோ மருமகனோ உறையொன்றை வீட்டுக்காரியின் கையிலே, பலர் பாராத வேளையில் கொடுப்பது மிகப் பழைய, மிக நல்ல வழக்கம். உறைமேல் பெயர் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். பணம் இல்லாதவர் உழைப்பைக் கொடுக்கலாம். சேவை விபரம், பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வங்கிப் பத்திரம் என்று கோவைக்கு வேண்டியவற்றைத் தேடி ஒழுங்குபடுத்தி, பிரதி எடுத்து, அவரோடு கூடச் சென்று கையளிப்பது எந்தக் கடையிலும் கிடையாத பரிசு. கண்பார்வை மங்கிய ஒருவருக்கு அதன் பெறுமதி சொல்லுந்தரமன்று.

பிற்பாடு ஆண்டுக்கொருமுறை கிராம அலுவலர் ஊடாக உயிர்வாழ்ச் சான்றிதழ் ஒன்றும் கொடுக்க வேண்டும். தாம் உயிரோடிருப்பதை அவர் அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டுமாம்! அரசாங்கமாவது ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறது. உறவினர் எத்தனை பேர் கேட்கிறோம் என்று எண்ணிக்கொண்டேன்.

பெண்களின் விஷயத்துக்கு வருவோம். ஆசிரியையாகவோ தாதியாகவோ குடும்பநல உத்தியோகத்தராகவோ முப்பது ஆண்டு உழைத்த அக்கா இளைப்பாறுகிறார். உறவினர் கூடி அவருக்குக் கொண்டு வருவது என்ன? அரைக்கும் இயந்திரம், சோறு சமைக்கும் மின்பானை, பீங்கான் கோப்பைத் தொகுதி. இதன் பொருள் யாது? "ஒரு வேலை முடிந்தது, இனி மற்ற வேலையை முழு நேரமும் பாருங்கள்" என்பதேயன்றோ! வேலைக்குப் போன காலத்திலும் அடுப்பை அவரே மூட்டினார். வள்ளத்துக்கு நேரமாகுமுன் இடியப்பம் அவித்து வைத்துவிட்டே புறப்பட்டார். அவருடைய அத்தான் இளைப்பாறியபோது எவராவது மண்வெட்டி கொடுத்தார்களா? அக்காவுக்கு அவருக்கென்றே ஒரு பொருள் கொடுங்கள். நல்ல மூக்குக்கண்ணாடி செய்வித்துக்கொள்ளப் பணம். சங்கீதம் கேட்க ஒரு சிறு வானொலி. நெடுநாளாய்ப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த திருக்கேதீஸ்வரத்துக்கோ மடுமாதா கோயிலுக்கோ போய்வரும் செலவு. அந்த நாட்களில் வீட்டுச் சமையலை இன்னார் பார்ப்பார் என்ற உறுதியையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு முழுமை பெறும்.

பொருள்களைப் பற்றி இன்னும் சிறிது. மணிக்கூடு கொடுக்கும் வழக்கத்தை நகைப்பவர் பலர். நேரம் பார்க்க வேண்டிய காலம் முடிந்த பின் மணிக்கூடு எதற்கு என்பர். நான் அந்தக் கட்சியில் இல்லை. நெடுந்தீவிலே கடமை பார்த்தவர் ஆயுட்காலமெல்லாம் வள்ளம் புறப்படும் நேரத்தையே பார்த்துப் பழகியவர். திடீரென்று நேரமற்றுப் போவது அவருக்குப் பெரிய தனிமை. பெரிய இலக்கங்களோடு திகதியும் காட்டும் சுவர் மணிக்கூடு மருந்து உட்கொள்ளும் வேளைக்கும் உதவும். குடை எக்காலத்திலும் நன்று. துவிச்சக்கரவண்டி மேடு பள்ளமற்ற அந்தத் தீவுக்கு ஏற்றது, ஆனால் முழங்காலைக் கேட்டுக்கொண்டு வாங்குக. மின்சாரப் பொருள் வாங்குமுன் வீட்டின் நிலைமையை விசாரியுங்கள். தீவின் மின்சாரம் நெடுங்காலம் டீசல் இயந்திரத்தை நம்பியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

சாய்மனைக் கதிரையைப் பற்றி ஒரு சொல். விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் பத்திரிகையோடு சாய்ந்திருக்கும் இளைப்பாறிய உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்கே உரிய சித்திரம். மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமை செய்து இளைப்பாற்றுச் சம்பளத்தோடு திரும்பிய பழைய தலைமுறையார் இச்சித்திரத்துக்கு மெருகேற்றியவர்கள். எனவே கதிரை கொடுக்க நினைப்பது இயல்பே. மடித்து எடுத்துச் செல்லத்தக்க துணிக் கதிரையாயின் வள்ளத்திலும் தொல்லையில்லை. ஆனால் ஒன்று வாங்குவதாயின் இரண்டு வாங்குங்கள். ஒற்றைக் கதிரை "இங்கே தனியே கிடவும்" என்று சொல்லும். இரண்டாவது கதிரை வருபவருக்கு. உத்தியோகத்தோடு சேர்ந்து போவது சம்பளம் மாத்திரமன்று. நாள்தோறும் வாசலில் வந்து நின்று "ஐயா, ஒரு அலுவல்" என்று கேட்ட மனிதரும் போய்விடுகின்றனர். வெறுமையான கதிரை ஒன்று விறாந்தையில் கிடந்தால் தெருவாற் போகிறவர் இருந்து இரண்டு கதை கதைத்துவிட்டுப் போவார்.

புத்தகம் கொடுப்பதானால் அவர் வாசிக்கும் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். நாம் வாசித்தவராகக் காட்டிக்கொள்ளும் புத்தகத்தை அல்ல. எழுதக்கூடியவராயின் நல்ல தாளிற் கட்டிய கொப்பிகளும் பேனாவும் இன்னும் மேல். தந்தை வழியில் நெடுந்தீவை வேராகக் கொண்ட தனிநாயகம் அடிகளார் 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பகுதிக்குத் தலைவராக இருந்து, இளைப்பாறி யாழ்ப்பாணம் திரும்பினார். 1966இல் கோலாலம்பூரில் அவர் முன்னின்று நடத்திய மாநாட்டின் வரிசையில் நான்காவது மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்திலே நடைபெற்றபோது அவர் இங்கேயே இருந்தார். எல்லாரும் அடிகளார் ஆகிவிட முடியாது. ஆயினும் ஒரு பாடசாலையின் முப்பதாண்டுக் கதையை அதில் இருந்த ஒருவரையன்றி வேறு யார் எழுதுவர்?

மரக்கன்று கொடுப்பது இன்று பெருகிவரும் நல்ல வழக்கம். நெடுந்தீவுக்கு அதையும் தெரிந்தெடுத்தே கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அத்தீவு சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண் படர்ந்த நிலம். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம் சிலவே; பல கிணறுகள் உவர். ஆடும் மாடும் புகழ்பெற்ற அந்தக் குதிரைகளும் கட்டற்றுத் திரியும். அதனாலேதான் சாந்தின்றிக் கல்லின்மேற் கல் அடுக்கிய வேலிகள் காணிதோறும் நிற்கின்றன. வேலிக்குள்ளே, கிணற்றுக்கு அருகே இடமிருந்தால் எலுமிச்சையோ மாதுளையோ கொண்டு செல்லலாம். முருங்கைக்குத் தடி ஒன்றே போதும். தண்ணீர் ஊற்றுவதற்கு ஒருவரிடம் காலையில் ஒரு கடமையை ஒப்படைக்கிறோம் என்ற நினைப்போடு கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன். ஆயினும் எனக்குத் தெரிந்த பரிசுகளிலெல்லாம் மேலானது என்று நான் எண்ணுவது ஒரு புகைப்படம்.

எமக்குப் பழக்கமான குடும்பமொன்றிலே பெரியம்மா ஒருவர் ஆசிரியை. முதல் நியமனம் நெடுந்தீவில். இடையிலே பல பாடசாலைகள். இறுதி இடமாற்றமும் நெடுந்தீவுக்கே. வலிகாமத்து வீட்டில் அவருடைய புகைப்படத் தொகுப்பு ஒன்று இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி, குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த அந்த இரவில், அவரும் கைப்பையோடு நடந்தவர். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, தொகுப்பும் இல்லை. எம்மவரிடையே இது புதுமையன்று. 1981இல் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். வீடுதோறும் எரிந்தும் நனைந்தும் போன சிறு நூலகங்களைக் கணக்கெடுத்தவர் இல்லை. தம் வாலிப முகத்தைக் கண்ணாற் காண வழியற்ற ஒரு தலைமுறையே எம்மிடம் இளைப்பாறிக்கொண்டிருக்கிறது.

பெரியம்மாவின் தங்கை மகன், வைபவத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே தேடத் தொடங்கினான். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினருக்கும், பெரியம்மாவோடு அக்காலத்திலே படிப்பித்தவர்களுக்கும் எழுதினான். பலரிடம் இல்லை. ஈற்றில் கனடாவில் வசிக்கும் பழைய ஆசிரியை ஒருவரின் பெட்டிக்குள்ளிருந்து அது கிடைத்தது. கல்வேலிக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள். நடுவிலே இரட்டைப் பின்னலோடு இருபத்துமூன்று வயதுப் பெரியம்மா. கைத்தொலைபேசியில் வந்த பிரதியைப் பட்டினத்துப் புகைப்படக் கடையில் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கண்ணாடி உடையாதபடி பழைய சேலையில் சுற்றி, அதன்மேல் பாயையும் சுற்றி, வள்ளத்திலே மடியில் வைத்துக்கொண்டு போனான்.

பெரியம்மா முதலில் தம்மைத் தேடவில்லை. முன்வரிசையின் இடப்பக்கத்திலிருந்து பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இவன் இப்போது இலண்டனில். இவளுக்கு மூன்று பேரப்பிள்ளைகள். இவனுடைய மகள்தான் இன்று வரவேற்புப் பாடல் பாடியவள். சில முகங்களில் விரல் நின்றது; பெயரை மாத்திரம் சொல்லி அடுத்த முகத்துக்குச் சென்றது. மண்டபத்திலிருந்த முதியவர் சிலர் எழுந்து வந்து சுற்றி நின்றனர். நிகழ்ச்சி நிரலில் அடுத்திருந்த வாழ்த்துரை அரைமணி நேரம் பிந்தியது.

அந்தப் பரிசுக்கு ஆன செலவு ஒரு மேசை விளக்கின் விலைகூட இல்லை. ஆகவே அழைப்பு வந்தவுடன் முதலில் திறக்க வேண்டியது உங்கள் வீட்டு அலுமாரியை. அவருடைய கையெழுத்தில் ஒரு கடிதம், பழைய பரிசளிப்பு விழா அழைப்பிதழ், ஒரு பாடசாலை மலர் எதுவும் அகப்படலாம். மலர் கிடைத்தால் கொடுக்குமுன் பிரதி எடுத்து வையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களையும் சேர்த்துக் காத்து வருகிறது. பிறகு ஒருவருக்கு அது வேண்டியதாகும்.

வெளிநாட்டிலுள்ள உறவினருக்கும் இதையே சொல்வேன். பெரிய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பணம் அனுப்புவது உங்களுக்கு எளிது. அதைக் குறிகட்டுவானில் ஏற்றி, மாவலித் துறையில் இறக்கி, வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பவரின் தோளை நினையுங்கள். உங்கள் பெட்டியிலிருக்கும் ஒரு படம் தபாலுறைக்குள் அடங்கும். வைபவம் நடக்கும் ஆண்டில் ஊருக்கு வரும் எண்ணம் இருந்தால், பயணத்தை அந்த நாளோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

ஏனெனில் நெடுந்தீவுக்குப் போவதே ஒரு கொடை. வைபவம் முடிய மாலை வள்ளம் போய்விடும். பெரும்பாலும் இரவு தங்க வேண்டும். போகும் வள்ளத்தில் வயதானவர்கள் சிலர் பேசாது கடலைப் பார்த்திருப்பதைக் காணலாம். 1985 மே 15ஆம் தேதி குமுதினி வள்ளத்திலே பயணம் செய்த மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். தீவார் ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூருகின்றனர். அதற்குப் பின்பும் மறுவாரம், மறுமாதம் என்று பாடசாலைக்கும் ஆசுபத்திரிக்கும் கந்தோருக்கும் ஆட்கள் அதே கடலைக் கடந்து கடமைக்குச் சென்றார்கள். நீங்கள் பரிசு கொண்டு போகும் அந்த உறவினர் அவர்களுள் ஒருவராக இருக்கக்கூடும். அன்றிரவு விறாந்தையில் இருந்து அவரைக் கதைக்க விடுங்கள், கேளுங்கள். நடுவிலே உங்கள் கைத்தொலைபேசியைப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. போகும்போது பையை முழுவதும் நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். நெடுந்தீவு வீடுகளில் வெறுங்கையோடு எவரையும் வள்ளம் ஏற்றமாட்டார்கள். காலையிலே நீங்கள் முகம் கழுவி வருவதற்குள் ஒடியலும் பனாட்டும் கருவாடும் கடகத்திற் கட்டப்பட்டுத் தயாராக இருக்கும். கருவாட்டைத் தனியே வேறு பையில் வைக்கும்படி சொல்லுங்கள். திரும்பும் வள்ளத்திலும் பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள்.